தேறுதலும் தேற்றுதலும்

தமிழிலக்கணம் கற்போர் தொடக்கத்திலேயே பயிலும் வேறுபாடுகளுள் ஒன்று தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு. திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. உருண்டது, உருட்டினான், ஆறியது, ஆற்றினான், தேறினான், தேற்றினான் எனச் சொற்கள் இணையிணையாக வரும். ஓரெழுத்து வல்லோசை பெறவே செயலுக்கு உரியவன் மாறிவிடுகிறான். உடம்பு தேறியது என்றால் அது தானே நலம் பெற்றது என்பது பொருள். உடம்பைத் தேற்றினான் என்றால் வேறொருவன் செய்த வினையால் அந்நலம் விளைந்தது என்பது பொருள். வகுப்பறையில் இதனை ஐந்து நிமிடத்திற் சொல்லி முடித்துவிடலாம். ஆய்வுகூடத்தில் இதே வேறுபாட்டை நிலைநாட்டுவதற்கு அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது. நஞ்சினாற் கெட்ட எலியின் ஈரலை முன்வைத்து அவர்கள் செய்த ஆராய்ச்சியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

இவ்வெழுத்துக்கு ஏதுவானவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். அவருடைய தந்தையார் நம் திருகோணமலைத் துறைமுகத்திற் பல்லாண்டு உழைத்தவர். ஈரலிலே தழும்பு படிந்து இறுகும் நோயினால் வருந்துபவர். இரசாயன நஞ்சினால் ஈரல் கெட்ட எலிகளுக்கு ஓமோன் கொடுத்தபோது அவை விரைவிற் குணமடைந்தன என்ற செய்தி மாணாக்கரின் கண்ணிற் பட்டிருக்கிறது. அதனைக் கொண்டுவந்து, “ஐயா, இதைத் தமிழில் விளக்கித் தாருங்கள். தைரொயிட்டு மாத்திரை பாமசியிலே கிடைக்கிறது. அப்பாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லேன். மருந்து கூறும் உரிமை எனக்கு இல்லை. ஆயினும் ஒரு வாக்கியத்தின் பொருளை ஆராயும் கடமை பண்டிதனுக்கு உண்டு. எலிகள் தேறினவா, தேற்றப்பட்டனவா என்பதை முதலிற் பார்ப்போம் என்றேன்.

ஈரல் விலாவெலும்புகளின் காப்பில், வயிற்றின் வலப்புறத்தே அமைந்த உறுப்பு. வளர்ந்த மனிதரில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் எடை உள்ளது. குடலிலிருந்து மீளும் குருதி முதலில் ஈரலையே அடைகிறது. ஆகவே, நாம் உண்ட நல்லதும் தீயதும் அதன் வாயிலில் நின்றே உள்ளே புகவேண்டும். நச்சுப் பொருள்களை உருமாற்றி வெளியேற்றுவதற்கு ஈரற்கலங்களிலே பல நொதியங்கள் உள. இவ்வுருமாற்றமே சில வேளைகளில் வினையாகிவிடுகிறது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம்.

அது நிறமற்றது, இனிய மணமுடையது, தீப்பற்றாதது. தீயணைக்கும் கருவிகளிலும், உடைகளை நீரின்றி வெளுக்கும் தொழிலிலும், இயந்திர உறுப்புக்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதிலும் உலகெங்கும் ஒரு காலத்திற் பயன்பட்டது. கப்பற் பட்டறைகளைக் கண்ட நம்மூரார்க்கு இத்தகைய தொழில்கள் புதியன அல்ல. 1921ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கு மருத்துவ அறிஞர் மோரிஸ் ஹோல் அது கொளுக்கிப்புழுவைக் கொல்லும் எனக் கண்டார். இலங்கையிலோ 1916ஆம் ஆண்டிலேயே ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியிருந்தது. 1922இல் நிக்கல்ஸ், ஹம்ப்டன் என்னும் இருவர் இலங்கையில் மனிதருக்கு இத்திரவத்தைக் கொடுத்துச் செய்த சிகிச்சை பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். புழு இறந்தது, ஆயின் சிலருடைய ஈரலும் உடன் கெடும் என்பது நாளடைவில் தெளிவாயிற்று. குறிப்பாக மது அருந்துவோருக்கு ஆபத்து மிகுதியாயிருந்தது. 1925இல் ஹோல் வேறொரு மருந்தை முன்வைத்தார். காபன் நாற்குளோரைட்டு மருந்துப் பெட்டியை விட்டு மெல்ல நீங்கியது. ஆய்வுகூடத்தை விட்டு அது நீங்கவில்லை. ஈரலை வேண்டிய அளவு, வேண்டிய நாளில் காயப்படுத்த வல்ல பொருளாகையால் எலிகளைக் கொண்டு ஆராய்வோர் அதனைப் பற்றிக்கொண்டனர்.

அது எவ்வாறு கொல்கிறது என்பதும் பின்னர் விளங்கிற்று. அத்திரவம் உடலுட் புகுந்த வடிவிலேயே பெருந்தீங்கு செய்வதில்லை. ஈரற்கலத்தின் நொதியம் ஒன்று அதிலிருந்து ஒரு குளோரீன் அணுவைப் பிரித்துவிடுகிறது. எஞ்சுவது நிலைகொள்ளாத ஒரு மூலிகம். அம்மூலிகம் கலத்தின் மென்சவ்வுகளிலுள்ள கொழுப்பைத் தாக்கி, ஒன்றையடுத்து ஒன்றாகச் சிதைத்துச் செல்கிறது. அந்நொதியம் மிகுதியாக உள்ள கலங்களே முதலில் மடிகின்றன. மது அந்நொதியத்தைப் பெருக்கும் இயல்பினது. குடிப்பவரிடத்து நஞ்சு கூடுதலாக வேலை செய்தமைக்கு இதுவே காரணம். இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டும்.

இனித் தேறுதலைப் பார்ப்போம். 1931ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், அன்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்து அகற்றும் முறையை வெளியிட்டனர். அறுபட்ட சோணைகள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய சோணைகளின் கலங்கள் பிரிந்து பெருகி, ஒன்றிரண்டு வாரத்துள் ஈரலைப் பழைய எடைக்கு ஏறக்குறையக் கொண்டுவந்துவிடுகின்றன. பழைய எடை எய்தியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. காபன் நாற்குளோரைட்டை ஒருமுறை அளவாகப் பெற்ற எலியிலும் இதுபோன்ற செயலே நிகழ்கிறது. முதல் இரண்டு நாளிற் காயம் உச்சமடைகிறது. பிழைத்த கலங்கள் பெருகி இறந்தவற்றின் இடத்தை நிரப்புகின்றன. ஒன்றிரண்டு வாரத்தில் ஈரல் பெரும்பாலும் சீராகிவிடுகிறது. மருந்து இல்லை, வைத்தியன் இல்லை. ஈரல் தானே தேறுகிறது.

நஞ்சை வாரந்தோறும் பலமுறை கொடுத்தால் கதை வேறாகும். ஆறுவதற்கு முன்னரே அடுத்த காயம் விழுவதால் தழும்பு இழையம் படிந்து ஈரல் இறுகத் தொடங்கும். இத்தழும்பு என்றும் மாறாதது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1998இல் அயர்டேல் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் நான்கு வாரம் காபன் நாற்குளோரைட்டுப் பெற்ற எலிகளை, நஞ்சை நிறுத்திவிட்டு அடுத்த நான்கு வாரம் கவனித்தனர். தழும்பை நெய்த கலங்கள் மடிந்தன. தழும்பும் படிப்படியாகக் கரைந்தது. இங்கும் மருந்து இல்லை. நஞ்சு நின்றது, ஈரல் தேறியது.

ஆகவே, ‘ஓமோன் பெற்ற எலிகள் குணமடைந்தன’ என்ற வாக்கியம் எவ்வளவு உண்மையாயினும், அதனால் ஓமோனின் ஆற்றல் பற்றி நாம் அறிவது ஒன்றுமில்லை. ஓமோன் பெறாதவையும் குணமடைந்திருக்கும் அன்றோ!

இதனைத் தமிழர்க்கு விளக்கத் தேற்றாங்கொட்டை போதும். நம் உலர்வலயக் காடுகளில் உள்ள தேற்றாமரத்தின் விதை அது. கலங்கல் நீர் வார்க்கும் மட்பானையின் உட்புறத்தில் அவ்விதையைத் தேய்த்துவிட்டால் மண் அடியிற் படிந்து நீர் தெளியும். கலித்தொகைப் புலவரும் இதனை உவமையாக ஆண்டிருக்கிறார். மரத்தின் பெயரே தேற்றுதல் என்னும் பிறவினையிலிருந்து பிறந்தது. ஆயின், கலங்கல் நீரை வாளா வைத்தாலும் அதுவும் ஓரளவு தெளியுமே! தெளிந்த பானை ஒன்றை மட்டும் காட்டி, இது கொட்டையின் வேலை என்றால் அறிவுடையார் ஏற்கார். அதே கிணற்று நீரை இரண்டு பானையில் வார்த்து, ஒன்றிற் கொட்டையைத் தேய்த்து, மற்றையதைச் சும்மா விட்டு, எது எத்தனை நாழிகையில் தெளிகிறது என்று பார்க்கவேண்டும். அந்த இரண்டாம் பானையே விஞ்ஞானத்தின் உயிர்நிலை. ஆய்வுகூடத்தில் அதனைக் கட்டுப்பாட்டுக் கூட்டம் என்பர். ஒரே அளவு நஞ்சு பெற்று, மருந்து மட்டும் பெறாத எலிகள் அக்கூட்டத்தவை.

காமாலை கண்டார்க்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. காமாலை பல காரணங்களால் வரும். அவற்றுட் பொதுவான வைரசுக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கும். நீங்கும்போது புகழ் இலைக்குச் சேரும். இதனால் நம் மூலிகைகள் பயனற்றவை என்று கூறினேனல்லேன். இரண்டாம் பானையை வைத்துப் பார்க்கவேண்டும் என்றே கூறுகின்றேன். இலங்கையிலேயே ஐரா தாப்ரூ முதலிய ஆய்வாளர்கள் பாவட்டையையும், ஈன்போவிட்டியா எனச் சிங்களவர் வழங்கும் செடியையும் காபன் நாற்குளோரைட்டால் ஈரல் கெட்ட எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டு ஆராய்ந்து, 1987இல் முடிபுகளை வெளியிட்டனர். மரபை மதிக்கும் முறை அதுவே.

இனி ஓமோனுக்கு வருவோம். உடலின் ஒரிடத்திற் சுரந்து, குருதி வழியே சென்று, மற்றோர் இடத்தில் வினையை எழுப்பும் பொருள் ஓமோன். 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அத்தகைய பொருளொன்றைக் கண்டனர். 1905இல் ஸ்டார்லிங் இப்பெயரை வழக்கிற் கொணர்ந்தார். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்த பெயர் அது. பெயரிலேயே பிறவினைப் பொருள் பொதிந்திருத்தல் காண்க.

ஈரல் தேறும்போது அதனை எழுப்பும் தூது குருதியில் உண்டா? 1967இல் மோல்ற்றன், நான்சி புக்கர் என்னும் இருவர் இரண்டு எலிகளின் குருதியோட்டத்தை ஒன்றாக இணைத்தனர். ஒன்றின் ஈரலை மட்டும் அறுத்தனர். அறுபடாத எலியின் ஈரலிலும் கலங்கள் பெருகத் தொடங்கின. ஆகவே குருதியில் ஏதோ ஒரு தூது செல்கிறது என்பது உறுதியாயிற்று. 1975இல் புக்கரும் சுவாபீல்டும் சதையியின் ஓமோன்களான இன்சுலினையும் குளுக்ககனையும் ஆராய்ந்தனர். அவ்வோமோன்கள் ஈரலை அடையாதபடி குடலையும் சதையியையும் அகற்றிய எலிகளில் ஈரற்பெருக்கம் தளர்ந்தது. இரண்டையும் ஒருங்கே கொடுத்தபோது பெருக்கம் மீண்டது. தனித்தனியே கொடுத்தபோது அப்பயன் விளையவில்லை. இங்கே ஓமோன் உண்மையாகவே தேற்றியது எனலாம். ஆயின் யாரைத் தேற்றியது? அவ்வோமோன் இல்லாத எலியை. வேண்டிய அளவு தன்னிடத்தே உடைய எலிக்கு மேலும் கொடுத்தால் அதே பயன் விளையும் என்று இதனாற் பெறப்படாது.

தைரொயிட்டு ஓமோனின் கதை இன்னும் நுட்பமானது. காயமே இல்லாத எலிக்கு அதனைக் கொடுத்தாலும் ஈரற்கலங்கள் பெருகுகின்றன என்று இத்தாலியக் குழுவினர் உட்படப் பலர் காட்டியிருக்கின்றனர். இவ்வளவே படித்தவர், கெட்ட ஈரலுக்கு இதுவே அமிர்தம் என்பர். மறுபக்கமும் உண்டு. தயோஅசற்றமைட்டு என்னும் வேறொரு ஈரல் நஞ்சை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த இசுரேலிய மருத்துவர்கள், தைரொயிட்டுச் சுரப்பின் வலிமை குறைந்த எலிகளிலேயே காயம் சிறிதாயிருந்ததையும் அவையே கூடுதலாகப் பிழைத்ததையும் 1998இல் வெளியிட்டனர். ஓமோன் குறைந்தால் நன்மை. ஓமோன் கூடினாலும் நன்மை. இது முரணோ?

முரண் அன்று; காலத்தின் வேறுபாடு. நஞ்சு தாக்கும் வேளையில் கலத்தின் வேகம் குறைந்திருப்பது காயத்தைக் குறைக்கலாம். தாக்கி முடிந்தபின் கலம் விரைவாகப் பெருகுவது மீட்சிக்கு உதவலாம். முன்னையதற்குக் காத்தல் என்று பெயர். பின்னையதற்கே தேற்றல் என்று பெயர். நஞ்சுக்கு முன்னரோ உடனோ ஒரு பொருளைக் கொடுத்து, பின்னர் ஈரலில் காயம் குறைவு என்று காட்டுவது காத்தலைக் காட்டுமே அன்றித் தேற்றலைக் காட்டாது. நஞ்சை உருமாற்றும் நொதியத்தை அப்பொருள் தடுத்திருந்தாலும் அதே தோற்றம் உண்டாகும். வாளை உறையினின்றும் எடுக்கவிடாமல் தடுத்தவனைக் காயத்தை ஆற்றியவன் என்று கூறலாமா? காத்தலும் சிறப்புடையதே. பரசிற்றமோல் மாத்திரையை அளவிறந்து விழுங்கியவர்க்கு எட்டு மணி நேரத்துள் முறையான மாற்று மருந்தை வைத்தியசாலையிற் கொடுத்தால் ஈரல் பெரும்பாலும் காக்கப்படும். அதற்கு ஒவ்வொரு மணியும் விலை மதிப்பற்றது. நாட்பட்ட நோயாளிக்கு அவ்வாயில் அடைபட்டுவிட்டது.

தேறுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு மெகந்தலே என்னும் நச்சியல் அறிஞர் அமெரிக்காவிற் செய்த ஆராய்ச்சி சான்றாகும். குளோடெக்கோன் என்னும் பூச்சிநாசினியை மிகச் சிறு அளவிற் சில நாள் உண்ட எலிகளுக்கு, பிற எலிகள் எளிதில் தாங்கும் அளவு காபன் நாற்குளோரைட்டு கொடுத்தார். கொல்லும் வன்மை 67 மடங்கு பெருகியது. முதற்காயம் அத்துணை பெரிதாகவில்லை. காயத்தை ஆற்றும் கலப்பெருக்கமே நின்றுபோயிருந்தது. எலியின் உயிரைத் தீர்மானித்தது அடியின் அளவைக் காட்டிலும் எழும் வலிமையே. தனித்தனியே தீங்கு குறைந்த இரண்டு நஞ்சுகள் சேர்ந்தால் என்ன நேரும் என்பதையும் இதனால் அறிகிறோம்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழி இன்னும் நெடிது. இன்சுலினும் குளுக்ககனும் எலியிற் காட்டிய பயனைக் கண்ட மருத்துவர்கள், மதுவினால் ஈரல் அழன்ற நோயாளிகளுக்கு அவற்றைச் செலுத்தினர். முதற்சோதனைகள் நம்பிக்கையளித்தன. 1991இல் வெளியான, இரண்டாம் பானையோடு கூடிய கவனமான சோதனையில் உயிர்பிழைப்பில் நன்மை காணப்படவில்லை. குருதியிற் சர்க்கரை ஆபத்தான அளவு தாழ்வதே கண்டது. கனடாவிலோ தைரொயிட்டுச் சுரப்பை அடக்கும் மருந்தை மதுவால் ஈரல் கெட்டவர்களுக்குக் கொடுத்து, சாவு குறைந்தது என்று 1987இல் அறிவித்தனர். பின்னர் வந்த சோதனைகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்தபோது அந்நன்மையும் நிலைபெறவில்லை. 2024 மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசு ரெஸ்மெட்டிரோம் என்னும் மருந்துக்கு அனுமதி அளித்தது. அது தைரொயிட்டு ஓமோனைப் போன்று ஈரலிற் செயற்படுமாறும், இதயத்தைப் பெரிதும் தொடாதவாறும் அமைக்கப்பட்டது. கொழுப்புப் படிந்து அழன்று தழும்புற்ற ஈரலுக்கே அவ்வனுமதி; இறுகி முற்றிய நிலைக்கு அன்று. பாமசியில் விற்கும் தைரொயிட்டு மாத்திரையோ இதயத்தை நேரே சென்று தாக்கும். தேவையில்லாதவர் உண்டால் நெஞ்சு படபடக்கும்; துடிப்பு ஒழுங்கு கெடும்; எலும்பும் தேயும்.

இவற்றையெல்லாம் மாணாக்கருக்கு விளக்கி, மாத்திரை வாங்கவேண்டாம் என்றும், செய்தித் தாளோடு வைத்தியசாலைக் கிளினிக்கிற்குச் சென்று மருத்துவரையே கேட்குமாறும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பா இன்னும் குடிக்கிறார் ஐயா. அதை விடச் சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் வாய் வரவில்லை” என்றார். அப்பொழுதே அம்மாத்திரையின் பொருள் எனக்கு விளங்கிற்று. மருந்து வாங்கிக் கொடுப்பது மகனுக்கு எளிது. தந்தையின் முன் நின்று, இதனை விடுங்கள் என்று கூறுவது அரிது. அயர்டேலின் எலிகளை அவருக்கு மீண்டும் நினைவூட்டினேன். அங்கே தேற்றியவர் எவருமில்லை. நஞ்சு கொடுத்த கை நின்றது, அவ்வளவே. முற்றிய மனித ஈரல் எலியின் ஈரலைப் போல முழுதும் மீளும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆயினும் மதுவை விட்டவர் நெடுநாள் வாழ்கின்றனர் என்பது மருத்துவ உலகம் ஒப்பிய உண்மை. கிளினிக்கிற்குத் தந்தையுடன் தாமே செல்வதாகச் சொல்லி விடைபெற்றார்; சென்றும் இருக்கிறார். மருத்துவர் கூறிய முதற்சொல்லும் மதுவைப் பற்றியதே என்று அறிந்தேன். தந்தையார் இப்பொழுது குடியை விட முயல்கிறார். முயற்சி கடினமாகவே உள்ளது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். விஞ்ஞானச் செய்தி தமிழ்ப் பண்டிதனுக்குப் புறம்பானது என்று எண்ணற்க. மருத்துவர் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். நம் நகரத்து இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதருமாவார், கலைச்சொல்லாக்கத்திற்கும் உழைத்தவர். மாணவர் நாளும் காணும் மருந்துச் செய்திகளில் காத்தது, தேற்றியது, தேறியது என்னும் மூன்று வினைகளும் குணமாக்கியது என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்ட இலக்கணம் கற்ற நம்மால் இயலும். மருந்தை எப்பொழுது கொடுத்தனர்? கொடாதவை என்னாயின? எலியோ மனிதரோ? நஞ்சு நின்றதோ, நிற்கவில்லையோ? இந்நான்கு வினாக்களையும் மாணவர் கேட்கப் பழகினாற் போதும். மாரி தொடங்கிக் கிணற்று நீர் கலங்கும் காலத்தில் இரண்டு பானையும் ஒரு தேற்றாங்கொட்டையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். தன்வினை பிறவினைப் பாடத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.